வதனிக்கு ஒரு குறையும் இல்லை

மகனுக்கு,

நீ அனுப்பிய பார்சல் நேற்றுப் பின்னேரம் ஸ்கந்தபுரத்துக்கு வந்து சேர்ந்தது. வவுனியாவிலிருந்து சாமான் ஏற்றி வருகிற லொறிக்காரர் படலையடியில் நின்று கூப்பிட்டுத் தந்துவிட்டுப் போனார். உன் மகள் வதனிதான் ஓடிப்போய் வாங்கி வந்தாள். காதில் மாட்டிக் கேட்கிற சின்னக் கசெற் பெட்டி ஒன்று, பிள்ளைகளுக்குப் பேச்சுப் பழக்குகிற ஆங்கிலப் பாடக் கசெற்றுகள் பன்னிரண்டு, வழுவழுப்பான படப் புத்தகம் ஒன்று. பற்றரிகளை வழியில் ஆமிச் சோதனையில் எடுத்துவிட்டார்கள். அடியில் உன் மனைவி கலாவுக்கு நீ எழுதிய கடிதம் இருந்தது. அவள் அதை நின்றபடியே வாசித்தாள். வாசித்துவிட்டு என் கையில் தந்துவிட்டுக் குசினிக்குள் போனாள். சமையல் முடிந்த அந்த நேரத்தில் குசினியில் அவளுக்கு ஒரு வேலையும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

"பிள்ளைக்கு இருக்கிற குறை என்னவென்று ஒரு டொக்டரிடம் காட்டு. அது சரிவந்த பிறகு உங்கள் இரண்டு பேரையும் இங்கே கூப்பிடுகிற ஸ்பொன்சர் அலுவலைப் பார்ப்போம். இந்தப் பேச்சோடு இங்கே வந்தால் பள்ளிக்கூடத்தில் வேறு வகுப்பில் இருத்திவிடுவார்கள். இன்னும் இரண்டு வருசம் அங்கேயே இருக்கட்டும். தினமும் இரண்டு மணித்தியாலம் கசெற்றைக் காதில் மாட்டிவிடு." இப்படி எழுத உனக்கு எப்படியடா கை வந்தது? பிள்ளைக்கு எட்டு மாதம் நடக்கும்போது நீ கிளிநொச்சியை விட்டு வெளிநாடு போனாய். இன்றைக்கு அவளுக்கு ஏழு வயது முடிந்துவிட்டது. இந்த ஏழு வருசத்தில் நீ அவளைக் கண்ணால் கண்டது அந்த எட்டு மாதமும்தான். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு இடம்பெயர்ந்து ஓடியவள் கலா. அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது சைக்கிளில் வைத்து உருட்டிக்கொண்டு போனவன் நான். எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாத குறை, ஒரேயொரு தரம் ரெலிபோனில் கேட்ட உனக்குத் தெரிந்துவிட்டதோ?

கோபத்தில் எழுதுகிறேன், அதனால் நீ கோபத்தோடே வாசித்தாலும் பரவாயில்லை, முழுவதையும் வாசி. வழக்கம்போல இதையும் எங்கள் கசெற் பெட்டியில் பதிந்து அனுப்பியிருக்கலாம். இனி அந்தப் பெட்டியில் என் வாயை வைப்பதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன். ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். இதில் உன் பிழையும் இருக்கிறது. அதைவிடப் பெரிய பிழை என்னுடையது. அதை எழுதக் கூச்சப்பட்டு ஒரு மாதமாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். நேற்று உன் கடிதத்தைப் பார்த்த பிறகும் மூடிக்கொண்டிருந்தால் நான் மனுசன் இல்லை.

இங்கே பற்றரி கொண்டுவர அரசாங்கத் தடை என்பது உனக்குத் தெரியும். ஒளித்துக் கொண்டுவந்து விற்கிற ஒன்றிரண்டும் எங்களைப் போன்றவர்கள் வாங்குகிற விலையில் இல்லை. ஊரிலே எல்லோரும் ஓய்ந்துபோன பற்றரியை அவித்தார்கள், வெயிலில் காயவைத்தார்கள், ஆணியால் ஓட்டை போட்டு உப்புத் தண்ணீரில் ஊறவைத்தார்கள். உன் அப்பன் விடுவேனோ? கறண்டுக் கந்தோரில் முப்பது வருசம் தூண் ஏறி இறங்கியவன். தொண்ணூறில் சண்டையால் கறண்ட் நின்றதோடு வேலையில்லாமல் கைகட்டி இருந்தவனுக்கு இது பெரிய விளையாட்டாகப் போய்விட்டது. ஒரு மூங்கிலை நெடுக்கப் பிளந்து, அதற்குள் செத்த பற்றரிகள் பத்தை வரிசையாக அடுக்கி, இரண்டு பக்கமும் வயர் இழுத்துக் கசெற் பெட்டியில் பூட்டி, நீ முதல் முதல் குரல் பதிந்து அனுப்பிய கசெற்றைப் போட்டேன். உன் குரல் வந்தது. அயலட்டைச் சனமெல்லாம் வந்து நின்று கேட்டது. "பெரிய வேலை பாத்திருக்கிறார் ஐயா" என்று ஒருவர் சொன்னதற்கு ஒரு கிழமை என் கால் தரையில் பாவவில்லை.

குரல் வந்தது, ஆனால் கிணற்றுக்குள் நின்று கதைக்கிற மாதிரி, தடித்து, இழுபட்டு வந்தது. கலா பயந்துவிட்டாள். "மாமா, இவருக்கு ஏதும் வருத்தமோ? குரல் இப்பிடிக் கிடக்குது" என்று கேட்டாள். பற்றரியில் பலம் காணாது, அதனால் கசெற் மெதுவாகச் சுற்றுகிறது என்று நான்தான் விளங்கப்படுத்தினேன். அதுவரைக்கும் சரி. ஆனால் சின்னவளுக்கு அதெல்லாம் தெரியாது. அவளுக்கு அந்தக் குரல்தான் அப்பா. பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் தன்னுடைய அப்பா கூரை முட்டுகிற உயரம் என்று சொல்லியிருக்கிறாள். அவ்வளவு தடித்த குரல் உள்ள மனுசன் சின்ன ஆளாக இருக்க முடியாதுதானே. கேட்டு நாங்கள் சிரித்தோம். அதைத் திருத்த வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

அதே பெட்டியில், அதே செத்த பற்றரியில்தான் எங்கள் குரலையும் பதிந்து உனக்கு அனுப்பினோம். வதனி அப்போது நாலு வயது முடிந்து ஐந்தில் இருந்தாள். நல்ல வாய்க்காரி. ஆடு குட்டி போட்டது, பக்கத்து வளவில் மாங்காய் விழுந்தது எல்லாம் சொன்னாள். அடுத்த கசெற்றில் நீ என்ன சொன்னாய்? உனக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்காது. "அப்பா, பிள்ளை என்ன இப்பிடிக் கடகடவெண்டு கீச்சுக் குரலிலை கதைக்கிறாள்? ஒரு சொல்லும் விளங்கேல்லை. இஞ்சை என்ர சிநேகிதன்ர பிள்ளை கொம்பியூட்டரைப் பாத்துப் பாட்டே பாடுது. இவளுக்கு ஆறுதலா, நிறுத்தி நிறுத்திக் கதைக்கப் பழக்குங்கோ." மெதுவாகச் சுற்றுகிற பெட்டியில் பதிந்ததை ஒழுங்காகச் சுற்றுகிற பெட்டியில் போட்டால் அது வேகமாகத்தான் ஓடும், குரலும் கீச்சிடத்தான் செய்யும். இதை விளங்கிக்கொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். முப்பது வருசம் கறண்டோடு சீவித்த எனக்கு ஒரு பக்கம் தெரிந்தது, மறுபக்கம் மண்டையில் ஏறவில்லை. உனக்கும் ஏறவில்லை. அந்தக் கசெற்றில் என்னுடைய குரலும் கீச்சிட்டிருக்குமே, அப்பனுக்கு என்ன நடந்தது என்று ஒருதரமாவது யோசித்தாயோ? கிழவனுக்கு வயது போய்விட்டது என்று நினைத்து விட்டுவிட்டாயாக்கும்.

நீ சொல்லிவிட்டாய், வெளிநாட்டிலிருந்து சொல்லிவிட்டாய், அது எனக்கு வேதவாக்காகிவிட்டது. அடுத்த நாளே தொடங்கினேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து சோறு தின்றதும் பிள்ளையை என் முன்னால் கதிரையில் இருத்துவேன். "ஒரு சொல்லு, ஒரு தட்டு" என்று மேசையில் விரலால் தட்டுவேன். நான் தட்டினால்தான் அடுத்த சொல்லைச் சொல்லலாம். முந்திக்கொண்டு சொன்னால் திரும்ப முதலிலிருந்து. வெளியே மற்றப் பிள்ளைகள் விளையாடுகிற சத்தம் கேட்கும். அவள் அந்தப் பக்கம் திரும்பினால் அதற்கும் ஒரு அதட்டல். அடிக்கவில்லை. அடிக்கவில்லை என்று எனக்கு நானே பல தரம் சொல்லிக்கொண்டேன், அது ஏதோ பெரிய புண்ணியம் மாதிரி.

கலா ஒருநாள் கேட்டாள். அவள் என்னை எதிர்த்துக் கதைக்கிறவள் இல்லை, உனக்குத் தெரியும். அன்றைக்குக் கேட்டாள். "மாமா, அவள் என்னோட நல்லாத்தானே கதைக்கிறாள். நேற்றும் ஆட்டுக்குட்டி துலைஞ்ச கதையை ஒரு மூச்சிலை சொல்லி முடிச்சவள். எனக்கு எல்லாம் விளங்கினதே."

"அப்ப அவன் அங்கையிருந்து பொய்யோ சொல்லுறான்?"

"பொய்யெண்டு சொல்லேல்லை மாமா. நீங்களும் பக்கத்திலைதானே இருக்கிறியள். உங்களுக்கு அவள் கதைக்கிறது விளங்கேல்லையோ?"

"உமக்குப் பாசத்திலை காது அடைச்சுப் போச்சு பிள்ளை. பேசாமல் போய் வேலையைப் பாரும்."

விளங்கியது, மகனே. எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. என் மடியில் இருந்து கதைக்கிற பிள்ளையின் குரலை என் காதால் கேட்டுக்கொண்டே, கடல் தாண்டி வந்த பெட்டி சொன்னதை நம்பினேன். அது மட்டுமில்லை, சரியாகச் சொன்னவளை வாயை மூட வைத்தேன். இதற்கு விசர் என்றுதான் பெயர். வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

ஒரு வருசத்தில் பலன் கிடைத்தது. பிள்ளை தானாகவே தன் முழங்காலில் விரலால் ஒரு தட்டுத் தட்டி ஒரு சொல், இன்னொரு தட்டுத் தட்டி இன்னொரு சொல் என்று கதைக்கத் தொடங்கினாள். பிறகு ஆட்கள் வந்தால் கதைப்பதைக் குறைத்தாள். பள்ளிக்கூடத்தில் வாசிக்கச் சொன்னால் எழுந்து நின்று தட்டிக்கொண்டே நிற்கிறாள், மற்றப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள் என்று அவளுடைய ரீச்சர் கலாவிடம் சொல்லி அனுப்பினா. நான் அதையும் காதில் போடவில்லை. ஏனென்றால் உன் கசெற் வந்திருந்தது. "அப்பா, இப்பதான் பிள்ளை சரியாக் கதைக்கிறாள். கேக்கச் சந்தோசமாக் கிடக்கு" என்று நீ மெச்சியிருந்தாய். பிள்ளை இழுத்து இழுத்துக் கதைத்ததை உன் பெட்டி ஓட்டி ஓட்டிச் சரியாக்கிக் காட்டியது! நான் அந்த இடத்தை இரண்டு தரம் போட்டுக் கேட்டேன், கலாவையும் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன். அவள் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள். நாசமாய்ப் போன சந்தோசம் அது.

போன மாதம் என் கண்ணைக் காட்ட வவுனியாவுக்குப் போய்வர அனுமதிப் பாஸ் கிடைத்தது. எனக்கும் வதனிக்கும் மட்டும்தான் தந்தார்கள், கலாவுக்குக் கிடைக்கவில்லை. பிள்ளையை உன்னோடு நேரே கதைக்க வைக்கலாம் என்று கூட்டிக்கொண்டு போனேன். ரெலிபோன் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் அவளைக் கதிரையில் ஏற்றி இருத்தி ரிசீவரைக் காதில் பிடித்தேன். நீ "வதனிக்குட்டி" என்றது எனக்கும் கேட்டது. அவள் முகத்தைச் சுளித்து, ரிசீவரைத் தள்ளிவிட்டு, முழங்காலில் தட்டித் தட்டிச் சொன்னாள். "இது... அப்பா... இல்லை. இது... ஆரோ... ஒரு... அண்ணை." நான் சிரித்தேன். "கதை பிள்ளை, அப்பாதான்" என்று திரும்பவும் காதில் வைத்தேன். அவள் உனக்குச் சுகம் சொன்னாள், தான் படிக்கிற வகுப்பைச் சொன்னாள், ஒவ்வொரு சொல்லாக, எனக்குப் பயந்து, நான் பழக்கியபடி. நீ என்ன செய்தாய்? "அப்பாவைத் தெரியாதோ உனக்கு? இதென்ன பழக்கம்?" என்று அதட்டினாய். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு ரிசீவரை என்னிடம் நீட்டினாள். அதன் பிறகு எனக்குச் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும்தானே? "என்னப்பா இது, இழுத்து இழுத்துக் கதைக்கிறாள்? கசெற்றிலை நல்லாக் கதைச்சவள்தானே? பிள்ளைக்கு ஏதும் குறையோ? எனக்கு ஏதும் ஒளிக்கிறியளோ?" அதோடு லைன் அறுந்துவிட்டது.

அங்கிருந்து ரஹீமின் கடைக்குப் போனோம். ரஹீமை உனக்குத் தெரியும், முந்தி முல்லைத்தீவில் கடை வைத்திருந்தவர், தொண்ணூறில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போய் இப்போது வவுனியாவில் இருக்கிறார். உனக்கு அனுப்புவதற்கென்று பதிந்து கொண்டுபோன கசெற்றை அவரிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொன்னேன். "பேத்தி கதைச்சது இருக்கோ அண்ணை? ஒருக்காக் கேப்பம்" என்று அவர் அதைத் தன் கடைப் பெட்டியில் போட்டார். கறண்டில் ஓடுகிற பெட்டி. முதலில் வதனியின் குரல் வந்தது, அவளுடைய குரலைவிடக் கீச்சாக, ஆனால் தட்டித் தட்டி நிற்காமல், ஒழுங்கான வேகத்தில். எனக்குத் திகைப்பாக இருந்தது. பக்கத்தில் நின்ற பிள்ளையைப் பார்த்தேன், பெட்டியைப் பார்த்தேன். அடுத்ததாக ஒரு கீச்சுக் குரல் கடகடவென்று ஏதோ சொன்னது. ரஹீம் சிரித்துக்கொண்டு கேட்டார்:

"அண்ணை, ஆரது இந்தக் கிழவி? வீட்டிலை புதுசா ஆரும் வந்திருக்கினமோ?"

"அது நான்" என்றேன்.

ரஹீம் விழுந்து விழுந்து சிரித்தார். அவரில் பிழையில்லை. நான் கடை வாசற்படியில் இருந்துவிட்டேன். மூன்று வருசப் பின்னேரங்கள், மகனே. அந்தப் பிள்ளை விளையாடியிருக்க வேண்டிய மூன்று வருசப் பின்னேரங்கள். ஒன்றும் இல்லாத நோய்க்கு நான் மருந்து கொடுத்து, அந்த மருந்தால் நோயை உண்டாக்கியிருக்கிறேன். வதனி வந்து என் பக்கத்தில் இருந்து, "அப்பப்பா... தலை... சுத்துதோ?" என்று கேட்டாள். என்னிடம் கேட்பதற்கும் தட்டுத்தான்.

இதை அன்றைக்கே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, வெட்கம். நான் வெட்கப்பட்டுக்கொண்டிருந்த அந்த ஒரு மாதத்துக்குள் நீ பிள்ளைக்குக் குறை என்று தீர்ப்பெழுதி, பார்சலும் கட்டி அனுப்பிவிட்டாய். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் செய்தது முட்டாள்தனம். நீ செய்திருப்பது அதைவிட மோசம். பிள்ளை பழுதாக இருந்தால் திருத்தி அனுப்புங்கள், பிறகு எடுக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். பெற்ற பிள்ளையைப் பற்றி இப்படி எழுத முடியுமோ? உண்மையிலேயே அவளுக்கு ஒரு குறை இருந்தால் இன்னும் கெதியாக அல்லவா நீ அவளைக் கூப்பிட வேண்டும்? உனக்கு ஏழு வயது வரைக்கும் 'ற' வராது. றோட்டுக்குப் போகிறேன் என்பதை லோட்டுக்குப் போகிறேன் என்பாய். உன்னைப் பெற்ற கொம்மா அதைக் கேட்டுச் சிரித்து உன்னைத் தூக்கிக் கொஞ்சுவா. உன்னை ஒரு டொக்டரிடமும் கொண்டு ஓடவில்லை, 'ற' வந்த பிறகு வீட்டுக்கு வா என்று படலைக்கு வெளியே நிறுத்தி வைக்கவும் இல்லை. அது தன்பாட்டில் ஒருநாள் வந்தது. எப்போது வந்தது என்று கூட எங்களுக்குத் தெரியாது.

நான் கருவிகளுக்கு எதிரி இல்லை. வீடு வீடாக வெளிச்சம் கொடுத்துச் சம்பாதித்த காசில்தான் உன்னைப் படிப்பித்தேன். உன் கசெற்றுகள் வராமல் இருந்திருந்தால் கலா இந்த வருசங்களைத் தாண்டியிருக்க மாட்டாள், அதுவும் உண்மை. நாளைக்கு வதனி உன்னிடம் வந்து கொம்பியூட்டர் படிக்கட்டும், விண்ணாணமாக என்னவெல்லாம் இருக்கிறதோ அத்தனையும் படிக்கட்டும். ஆனால் ஒரு பெட்டி உன் பிள்ளையைப் பற்றி உனக்கு ஏதாவது சொன்னால், அதை நம்புவதற்கு முதல் எழுந்து போய்ப் பிள்ளையைப் பார். பிள்ளையோடு இருக்கிறவளைக் கேள். கலாவை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நாங்கள் இரண்டு பேரும் இந்தக் கேவலத்துக்கு ஆளாகியிருக்க மாட்டோம். நீ கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவள் தானாகச் சொன்னபோதும் கேட்கவில்லை. இன்றைக்கும் அவள் என்னை ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

நேற்று உன் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு வதனியைக் கூப்பிட்டேன். வழக்கம்போல வந்து கதிரையில் ஏறி இருந்து, முழங்காலில் விரலை வைத்துக்கொண்டாள். "பிள்ளை, அப்பப்பா பிழை விட்டிட்டன். நீ முந்திக் கதைச்சதுதான் சரி" என்றேன். பற்றரிக் கதையையும் அவளுக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னேன். "அப்ப... இனி... நான்... கெதியாக்... கதைக்கலாமோ?" என்று கேட்டாள். ஓம் என்றேன். "திரும்ப... முதல்லையிருந்து... சொல்லச்... சொல்ல... மாட்டியளோ?" மாட்டேன் என்றேன். இறங்கிக் குசினிக்கு ஓடினாள். அங்கே தாயோடு அவள் கதைத்தது எனக்கு விறாந்தையில் கேட்டது. நிறுத்தாமல், மூச்சு வாங்காமல், தாயைப் பேசவும் விடாமல் கதைத்தாள். எனக்கும் போய்ப் பக்கத்தில் இருந்து கேட்க ஆசைதான். வாசல் வரைக்கும் போனேன். என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. விரல் முழங்காலுக்குப் போனது. நான் தண்ணீர் குடிக்க வந்தவன் மாதிரிச் செம்பை எடுத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன்.

ஆகையால் இந்தப் பார்சலை அப்படியே கட்டித் திருப்பி அனுப்புகிறேன், பெட்டியும் பன்னிரண்டு கசெற்றும் புத்தகமும் உள்ளே இருக்கின்றன. ஸ்பொன்சர் கடுதாசியை இந்த மாதமே போடு. பிள்ளைக்குக் குறை என்று எங்காவது எழுதியிருந்தால் அதை வெட்டு. அவர்கள் வந்து இறங்கும்போது வேலை, லீவு என்று கதை சொல்லாமல் நீயே போய் நில். அவள் உன்னைப் பார்த்து, இவ்வளவு சின்ன ஆளோ என்று நினைப்பாள், அதற்கும் கோபிக்காதே. கடகடவென்று கதைத்தால் கேட்டுக்கொண்டிரு. தட்டித் தட்டிக் கதைத்தாலும் கேட்டுக்கொண்டிரு. திருத்தாதே.

அவர்கள் போனால் இந்த வீட்டில் நான் தனி ஆள் என்று எனக்குத் தெரியும். அதைச் சாட்டாக வைத்துப் பிந்த வேண்டாம். நீங்கள் மூன்று பேரும் ஒரு வீட்டில் இருக்கத் தொடங்கிய பிறகு, கிழவன் பாவம் என்று நினைத்து, "அப்பப்பாவோட கதை" என்று அவளைப் பிடித்து இருத்திக் கசெற் பதிந்து அனுப்பாதே. ரெலிபோனையும் அவள் காதில் வைக்காதே. அவளாகக் கேட்டால் மட்டும் எடுத்துக் கொடு. அவள் கேட்காமலே விட்டால் அதற்காக அவளை ஒன்றும் சொல்லாதே. அது நானே தேடிக்கொண்டது.

அப்பா